வங்கி அதிகாரி நேர்முகத் தேர்வுக்கு மூன்று வாரம்: எதைப் படிப்பது, எதை விடுவது?

கரூரைச் சேர்ந்த நீங்கள், இயந்திரப் பொறியியல் முடித்து, இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தே படித்து, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரி பணிக்கான முதன்மைத் தேர்வில் தேறியிருப்பதாகவும், நேர்முகத் தேர்வுக்கு மூன்று வாரமே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருநூறு கேள்வி–பதில் கொண்ட ஒரு பிடிஎஃப்பை மனப்பாடம் செய்து வருகிறீர்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை, இரண்டு ஆண்டு இடைவெளியை எப்படி மறைப்பதென்று தெரியவில்லை, இன்னும் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நீங்கள் கேட்டது பாடத்திட்டம் போலத் தெரிந்தாலும், அந்தக் கால் மணி நேரத்தில் எதிரே இருப்பவர்கள் உங்களிடம் எதைப் பார்க்கிறார்கள் என்பதே உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது. நான் பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் பிற்பகுதியில் இத்தகைய நேர்முகக் குழுக்களில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது பொதுத்துறை வங்கி அதிகாரி பணிக்கு மட்டுமே பொருந்தும். மென்பொருள் நிறுவனத்தின் கேம்பஸ் தேர்வுக்கோ குடிமைப் பணித் தேர்வுக்கோ இதை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பயம் பாதி குறையும். முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. முதன்மைத் தேர்வும் நேர்முகமும் 80க்கு 20 என்ற விகிதத்தில் சேர்க்கப்படுகின்றன. நேர்முகத் தேர்வுக்கு 100 மதிப்பெண். அதில் பொதுப் பிரிவினர் குறைந்தது 40 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினரும் மாற்றுத்திறனாளிகளும் 35 விழுக்காடும் பெற்றாக வேண்டும். அதாவது, நேர்முகத்தில் நீங்கள் கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு ஐந்து மதிப்பெண்ணும் இறுதியில் ஒரு மதிப்பெண்ணாகச் சேரும். இறுதிப் பட்டியலில் ஒரு மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நிற்பதால் இது சிறிதல்ல. ஆனால் முதன்மைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒருவரை, குறைந்தபட்ச மதிப்பெண்ணை அவர் தாண்டிவிட்டால், ஒரு தடுமாறிய பதில் மட்டும் வீழ்த்திவிடாது.

அந்தப் பிடிஎஃப்பை மூடி வைத்துவிட்டு, நீங்கள் பூர்த்தி செய்து கொடுத்த தன்விவரப் படிவத்தின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். குழு உறுப்பினர்கள் உங்களை முன்பின் அறியாதவர்கள். அவர்கள் கையில் இருப்பது அந்தப் படிவம் மட்டுமே. நீங்கள் நாற்காலியில் அமரும் நேரத்தில்தான் பலர் அதை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். ஆகவே கேள்விகளில் பெரும்பகுதி அதிலிருந்தே எழும்: ஊர், கல்லூரி, பாடம், தந்தையின் தொழில், பொழுதுபோக்கு, படிப்பு முடித்த ஆண்டு. படிவத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் நீங்களே தயாரித்துக் கொடுத்த கேள்வித்தாள்தான். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘புத்தகம் வாசித்தல்’ என்று எழுதிவிட்டு, கடைசியாக வாசித்த புத்தகத்தின் பெயரை யோசித்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சமையல் செய்வேன் என்று உண்மையை எழுதியவர் கரூர் வட்டாரத்துச் சமையலைப் பற்றி இரண்டு நிமிடம் இயல்பாகப் பேசிவிட்டால், அது அவருக்கு நல்ல மதிப்பெண்ணையே தரும்.

ஒவ்வொரு சொல்லிலிருந்தும் மூன்று படி கீழே இறங்கிப் பாருங்கள். ஊரை எடுத்துக்கொள்வோம். கரூர் என்று எழுதியிருப்பவரிடம் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, பஸ் பாடி கட்டும் பட்டறைகள், புகளூர்க் காகித ஆலை ஆகியவை பற்றிக் கேட்பது முதல் படி. ஆனால் வங்கித் தேர்வுக்குப் போகும் கரூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று காத்திருக்கிறது. ‘உங்கள் ஊரில் இரண்டு வங்கிகள் தோன்றினவே, அவை என்னவாயின?’ என்பது அது. 1916இல் கரூர் வைஸ்யா வங்கியும், 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தொடங்கப்பட்டன. முன்னது இன்றும் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. பின்னது இன்று அந்தப் பெயரில் இல்லை. சிறு வணிகர்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய வங்கி, பெரிய நிறுவனக் கடன்களில் இறங்கியது. அவை வாராக்கடனாகி மூலதனம் கரைந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கைக்கு உட்படுத்தியது. 2020 நவம்பர் 17 அன்று ஒரு மாதக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய பணம் 25,000 ரூபாய்க்குள் நிறுத்தப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவான டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது.

இதுவரை சொல்வது நினைவாற்றல். குழு காத்திருப்பது இதற்கு அடுத்த கேள்விக்காக. வைப்புதாரருக்கு என்ன ஆயிற்று, பங்குதாரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். வைப்புப் பணம் முழுவதும் புதிய வங்கிக்குப் பொறுப்பாக மாறியது. பங்கு மூலதனமோ முழுமையாக நீக்கப்பட்டு, பங்கு வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியானால் வைப்புக் காப்பீட்டுக் கழகம் பணம் கொடுத்ததா என்று அடுத்து கேட்டால், இல்லை, வங்கி இணைக்கப்பட்டதால் காப்பீட்டுத் தொகைக்கு வேலையே வரவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் காப்பீட்டின் உச்சவரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது என்பதையும், அது அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒரு வைப்புதாரருக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், உங்கள் ஊரைப் பற்றிய கேள்வி வங்கியியல் கேள்வியாக மாறி, அதில் நீங்கள் வென்றும் இருப்பீர்கள். இருநூறு கேள்விகளை மேலோட்டமாகப் படிப்பதைவிட, இப்படிப் பத்துச் சொற்களை அடி வரை தோண்டுவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் விருப்பப் பட்டியலில் முதலில் வைத்த வங்கியையும் இவ்வாறே தோண்டுங்கள். அது இந்தியன் வங்கியாக இருந்தால், 1906இல் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயர் வங்கி நிறுவனம் மதராஸில் முறிந்ததற்கும் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியதற்கும் உள்ள தொடர்பும், 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி அதனுடன் இணைந்ததும் தெரிந்திருக்க வேண்டும்.

‘இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறீர்கள்?’ என்பது நிச்சயமாக வரும் கேள்வி. பணிப் பாதுகாப்பு என்ற பதில் உண்மையே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பதில் பாதியில் நிற்கிறது. உங்கள் தந்தை பஸ் பாடிப் பட்டறையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல பதில் வேறெங்கும் கிடைக்காது. பட்டறைக்காரர் லேத்தோ வெல்டிங் இயந்திரமோ வாங்கக் கடன் கேட்டு ஒரு கொட்டேஷனோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திறனுக்கு அந்த விலை சரியா, பழைய இயந்திரத்துக்குப் புது வண்ணம் பூசி விற்கிறார்களா, மாதத்தில் எத்தனை வண்டி முடித்தால் தவணை கட்ட முடியும் என்பதை வணிகவியல் படித்த அதிகாரி வெளியாளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அது படித்த பாடம். பஸ் உரிமையாளர் கொடுக்கும் முன்பணத்துக்கும் வண்டியை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையில் தகடும் கூலியும் வாங்கப் பட்டறைக்கு வேண்டிய பணம்தான் நடைமுறை மூலதனம். இதை உங்கள் வீட்டிலிருந்தே எடுத்துச் சொல்லலாம். சிறு, குறு தொழில்களுக்கான வரையறை 2025 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கிறது. இரண்டரைக் கோடி ரூபாய் வரை முதலீடும் பத்துக் கோடி வரை விற்றுமுதலும் உள்ளவை குறுந்தொழில்கள். உங்கள் தந்தையின் பட்டறை எந்த வகையில் வரும் என்று வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

வங்கியியல் பாடத்தில் எவ்வளவு படிப்பது என்பதற்கும் இதே அளவுகோல்தான். புதிதாகச் சேர வருபவரிடம் சட்ட வல்லுநரின் அறிவை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கிளைக்குள் நுழையும் வாடிக்கையாளர் கேட்கக்கூடியதும் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் வருவதும் தெரிந்தால் போதும். ஆனால் தெரிந்ததை ஒரு படி தாண்டித் தெரிந்திருக்க வேண்டும். வாராக்கடன் என்றால் என்ன என்று கேட்டால், தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றது என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ‘விவசாயக் கடனுக்கும் 90 நாள்தானா?’ என்று அடுத்து கேட்டால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பயிர்ப் பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் என்பது விதி. அறுவடை வராமல் விவசாயி எப்படிக் கட்டுவார் என்பது அதன் காரணம். வராத கடனுக்கு அடமானச் சொத்தை 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்றலாம், அதற்கு முன் 60 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால், ‘விவசாய நிலத்தை?’ என்று ஒருவர் கேட்பார். முடியாது. அந்தச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. காரணத்தோடு படித்தவர் கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்ப முடிகிறது.

ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி), ரொக்க இருப்பு விகிதம் (வைப்புத் தொகையில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கு) போன்றவை மாறிக்கொண்டே இருப்பவை. எனவே எந்தப் புத்தகத்திலிருந்தும் அவற்றைப் படிக்க வேண்டாம். நேர்முகத்துக்கு முந்தைய இரவு ரிசர்வ் வங்கியின் இணையதள முகப்பிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி மாறாதவற்றை இப்போதே படியுங்கள்: ரெப்போ விகிதத்தை முடிவு செய்யும் நாணயக் கொள்கைக் குழுவில் ஆறு பேர், பணவீக்க இலக்கு 4 விழுக்காடு, அதற்கு இருபுறமும் 2 விழுக்காடு வரை நெகிழ்வு. அண்மை மாற்றங்களில் கிளையில் அன்றாடம் பயன்படுவனவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். அவர்களுக்குள் பங்கு பிரித்தும் கொடுக்கலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் வைக்கலாம். ஆனால் லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறை மட்டுமே உண்டு. கவுன்டருக்கு வரும் ஒரு பாட்டிக்கு இதை விளக்க முடியுமா என்று குழுவில் ஒருவர் கேட்டால், அவர் சோதிப்பது சட்ட அறிவை மட்டுமல்ல, வாடிக்கையாளரிடம் பேசும் விதத்தையும்தான்.

விடை தெரியாத கேள்வி ஒன்றிரண்டாவது எல்லோருக்கும் வரும். சில சமயம் தெரியாத இடம் வரும் வரை வேண்டுமென்றே கேட்டுக்கொண்டே போவார்கள். அங்கே நேராகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராக இருப்பவருக்கு மதிப்பெண் குறைவதை நான் பார்த்ததில்லை. ஊகித்து உறுதியாகச் சொல்பவருக்குக் குறையும். கடன் கோப்பில் ஊகத்தை உண்மையென எழுதும் அதிகாரி வங்கிக்கு எவ்வளவு செலவு வைப்பார் என்பது எதிரே இருப்பவர்களுக்குத் தெரியும். பாதி தெரிந்தால் பாதியைச் சொல்லி, எது தெரியவில்லை என்பதையும் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றி உங்களுக்குள்ள பயம் தேவைக்கு அதிகம். நேர்முகம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் நடக்கும் என்பதால் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் இலக்கணப் பிழைக்காக மதிப்பெண் குறைப்பவர்கள் மிகச் சிலரே. மனப்பாடம் செய்த பத்தி அப்படியே வெளிவரும்போதுதான் முகம் சுளிக்கிறார்கள். முதல் வாக்கியம் பளிங்காகவும், அதை ஒட்டிக் கேட்ட சாதாரணக் கேள்விக்கான பதில் திக்கித் திணறியும் வந்தால் முதல் வாக்கியம் யாருடையது என்பது தெரிந்துவிடும். குறைந்த சொற்களில், சிறிய வாக்கியங்களில், நீங்களே கட்டிய ஆங்கிலத்தில் பேசப் பழகுங்கள். தினமும் மாலை அன்றைய செய்தி ஒன்றை எடுத்து, எழுதி வைக்காமல் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே நிற்கிறீர்கள், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும். மாதிரி நேர்முகம் ஒன்றோ இரண்டோ போதும். அதற்குமேல் போனால், பயிற்சி மையம் சொல்லிக்கொடுத்த ‘என் பலவீனம் எதையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பது’ போன்ற பதில்கள் உங்களிடமும் ஒட்டிக்கொள்ளும். காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கும் குழுவுக்கு நீங்கள் இன்னொருவர் ஆகிவிடுவீர்கள்.

இரண்டு ஆண்டு இடைவெளியை மறைக்க முடியாது. படிப்பு முடித்த ஆண்டு படிவத்திலேயே இருக்கிறது. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்தத் தேர்வுக்கு வருபவர்களில் கணிசமானோர் உங்களைப் போலத் தேர்வுக்காகவே இரண்டு மூன்று ஆண்டு ஒதுக்கியவர்கள் என்பது குழுவுக்குத் தெரியும். தேர்வுக்குப் படித்தேன், முதல் முறை முதன்மைத் தேர்வில் தவறினேன், இந்த முறை தேறியிருக்கிறேன் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் சேர்க்கலாம். செய்யாத வேலையை அனுபவம் என்று சேர்ப்பதுதான் ஆபத்து. ஊதியச் சீட்டு, விடுவிப்புக் கடிதம் என்று கேள்வி நீளும்போது தப்ப வழியில்லை.

வெளிமாநிலப் பணியிடம் பற்றிக் கேட்பார்கள். அதிகாரி பணி என்பது இந்தியா முழுவதற்கும் மாற்றலுக்கு உட்பட்டது. எங்கும் போவேன் என்று சொல்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து உண்மையாகவே அதை முடிவு செய்துவிடுங்கள். முடிவு செய்யாமல் சொல்லும் ‘சரி’ குரலிலேயே தெரியும். பெண்களிடம் மட்டும் திருமணத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். என் கருத்தில் அது கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டால் கோபப்படாமல், பணியின் விதிகளைத் தெரிந்துகொண்டே விண்ணப்பித்தேன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

இதுவரை நான் உறுதியாகச் சொன்னவற்றோடு, உறுதியில்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழு தாராளமாகவும் இன்னொன்று இறுக்கமாகவும் மதிப்பெண் போடுவது உண்டு. எந்தக் குழு உங்களுக்கு வாய்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை, அதைப் பற்றி யோசிப்பதில் பயனும் இல்லை. உடையின் நிறம், கைகுலுக்கல், எந்தக் கோணத்தில் உட்காருவது என்றெல்லாம் காணொலிகளில் சொல்லப்படுபவை மதிப்பெண்ணில் எவ்வளவு சேர்கின்றன என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சுத்தமான, உங்களுக்குப் பழகிய உடை போதும். பருத்திப் புடவையோ சுடிதாரோ எதுவானாலும், முந்தைய வாரம் ஒரு நாள் முழுதும் அணிந்து பார்த்தது என்றால் அன்று அதைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்காது. காலை முதல் அமர்வு நல்லதா, மதியம் நல்லதா என்ற விவாதத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று வாரத்தில் முதலில் செய்ய வேண்டியது படிப்பே அல்ல, சான்றிதழ். குழு அறைக்குள் நுழைவதற்கு முன்பே சரிபார்ப்பு மேசை இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் இதர பிற்படுத்தப்பட்ட பிரிவில் விண்ணப்பித்திருந்தால், பள்ளியில் சேரும்போது வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசின் வடிவத்தில், வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேராதவர் என்ற வாசகத்தோடு, அழைப்புக் கடிதத்தில் சொல்லியிருக்கும் தேதி வரம்புக்குள் வழங்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் கையெழுத்தாகி வர நாள் பிடிக்கும். இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். இரண்டாவது, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தந்தை பெயரை விரித்து ஒரு பெயர், பட்டச் சான்றிதழில் முன்னெழுத்து கடைசியில் என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். மும்பையிலிருந்து வந்த சரிபார்ப்பாளருக்கு அது மூன்று ஆட்கள். அழைப்புக் கடிதத்தில் உள்ள பெயரும் நீங்கள் கொண்டுபோகும் அடையாள அட்டையின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஒத்த அட்டை ஏதும் இல்லையென்றால், இந்த வாரமே ஆதாரைத் திருத்த விண்ணப்பித்துவிட்டு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் வாங்கி அசல்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.